திரை செத்த லேப்டாப்பை யார் வாங்குவார்கள்?

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேரிடமும் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகும்படி முதலாளி என்னைக் கூப்பிட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். பேசினால் பாதியில் எனக்குக் கோபம் வரும், உங்களுக்குப் போன் வரும். எழுதித் தருகிறேன், ரயிலில் நின்றுகொண்டே படிக்கட்டும் என்றேன். இதைப் பெரிய பாடம் என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். நீங்கள் இப்போது நிற்கும் அதே கவுண்டருக்குப் பின்னால் இருபத்தேழு வருடம் நின்று, கால் வீங்கி, போன வருடம் ஓய்வு பெற்ற மல்லிகா என்கிற பெண் தான் செய்த தப்புகளைச் சொல்கிறாள், அவ்வளவுதான்.

எந்த லேப்டாப்பில் எந்தச் சில்லு, எத்தனை ஜிபி என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை வாடிக்கையாளர்களே வீட்டில் மனப்பாடம் செய்துகொண்டுதான் நம் மூன்றாவது மாடிக்கு ஏறி வருகிறார்கள். பல்கலைக்கழகம் திறப்பதற்கு முந்தைய மூன்று வாரங்கள் எப்படி இருக்கும் என்பதை இந்த ஆண்டு நீங்களே பார்ப்பீர்கள். சிராங்கூன் சாலையில் தீபாவளிக்கு முந்தின வாரக் கூட்டம் எப்படியோ, நம் கடைக்கு அந்த மூன்று வாரம் அப்படி. அப்பா பணத்தோடு வருவார். அம்மா கவலையோடு வருவார். எல்லாம் தெரிந்த ஒரு மாமா சும்மா வருவார். படிக்கப் போகிற பிள்ளை ஓர் ஓரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாமும் பணம் யார் கையில் இருக்கிறதோ அவரைப் பார்த்தே பேசுவோம்.

நானும் அப்படித்தான் பேசினேன். தாதிமைப் படிப்புக்குப் போகிற ஒரு பையனுக்கு, அவனுடைய மாமாவின் பேச்சைக் கேட்டு, விளையாட்டுக்காகச் செய்த பெரிய லேப்டாப் ஒன்றை விற்றேன். செங்கல் கனம். ஒரு மாதம் கழித்து அறுந்துபோன பைவாரோடு வந்து, 'ஆன்ட்டி, இதைத் தூக்கிட்டு வார்டு வார்டா சுத்த முடியல' என்றான். அசடு வழிய நின்றேன். அன்றிலிருந்து, தினம் எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போவாய் என்பது என் முதல் கேள்வியாகிவிட்டது. இது சின்னத் தப்பு. பெரிய தப்பை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கூட்டம் சற்றே ஓய்ந்த நேரம், உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். அவர் பேருந்து ஓட்டுநர். சீருடைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். மகள் பெயர் ஷாமினி. கையில் மடக்கிய வெள்ளைக்கோல் இருந்தது. பிறவியிலிருந்தே பார்வை இல்லை. கிளமெண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் போய் அதற்கடுத்த திங்கட்கிழமை வகுப்பு. உதவித்தொகையும் வீட்டுச் சேமிப்பும் சேர்த்து எழுநூறு வெள்ளி, அதற்கு மேல் ஒரு காசு முடியாது என்று அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். பள்ளியில் கடனாகக் கொடுத்திருந்த கணினியை ஏற்கெனவே திருப்பி வாங்கிக்கொண்டுவிட்டார்கள். இங்கே நல்லதாக ஒன்று அமையாவிட்டால் பாடப் புத்தகத்தை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், அவள் சொல்லச் சொல்ல யாராவது எழுத வேண்டும். முதல் நாளே வகுப்பில் அப்படி உட்கார அவளுக்கு விருப்பம் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷம். மூன்று லேப்டாப்புகளை வரிசையாகத் திறந்து வைத்து, திரை வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி, அப்பா பக்கம் திருப்பினேன். இது நம் தொழிலில் கை தானாகச் செய்கிற வேலை. வெளிச்சத்தைப் பார்த்தால் விலை மறந்துபோகும் என்று எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்தது. 'நிறம் எப்படித் துல்லியமா இருக்கு பாருங்க சார்' என்று ஆரம்பித்தும்விட்டேன். அவர் சங்கடமாக மகளைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, வாங்கப் போறது நான்தான்," என்றாள் ஷாமினி. "வெளிச்சம் எனக்கு வேணாம். அதுக்கு எவ்வளவு காசோ அதைக் கழிச்சிடுங்க லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, லேப்டாப்புகளை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

பிறகு நடந்ததைப் பார்த்திருந்தால் நீங்கள் வேலையை விட்டுவிட்டு அவளிடம் பயிற்சிக்குப் போயிருப்பீர்கள். முதலில் மூடியைத் திறந்து மூடி, கீலின் இறுக்கத்தைப் பார்த்தாள். விசைகளின் மேல் விரலை ஓடவிட்டு, 'இதுல அம்புக்குறி எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு, தப்பா அமுக்கிடுவேன்' என்று ஒன்றை ஒதுக்கினாள். காற்றுப் போகிற ஓட்டையருகே காதை வைத்துக் கேட்டாள். விசிறியின் சத்தம் ஒரே சீராக இல்லை, இது காட்சிக்கு வைத்து ரொம்ப நாள் ஓடியது என்றாள். உண்மை. ஐந்து மாதமாக அது கண்ணாடி அலமாரியில் காலை முதல் இரவு வரை ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு காதொலிப்பானை மாட்டி, திரையில் இருப்பதை வாசிக்கும் குரலை அதிவேகத்தில் ஓடவிட்டாள். என்னையும் கேட்கச் சொல்லி ஒரு பக்கத்தை என் காதில் வைத்தாள். தகரக் கூரையில் மழை கொட்டுவது போல ஓர் இரைச்சல், அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. மொழி ஆங்கிலமா என்றுகூடத் தெரியவில்லை. அவளோ அதைக் கேட்டுக்கொண்டே, அதில் எழுத்துப் பிழை இருப்பதையும் சொன்னாள். நான் பிரமித்துப்போனேன். இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் லேப்டாப் விற்றவள், லேப்டாப்பை முழுதாகப் பயன்படுத்துகிற ஓர் ஆளை அன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று தோன்றியது.

ஆனால் எழுநூறு வெள்ளிக்குள் இருந்த மூன்றுமே தேறவில்லை. விரல் போகிற வேகத்துக்குக் குரல் பின்தங்கியது. 'நான் ஒரு வரி முடிச்சப்புறம் இது முத வார்த்தையைச் சொல்லுது' என்றாள். அவளுக்கு ஈடுகொடுத்த ஒரே லேப்டாப்பின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்பா அந்த விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, கூடுதலாக ஓவர்டைம் செய்து இரண்டு மாதத்தில் வாங்கித் தருவதாகச் சொன்னார். இரண்டு மாதத்தில் அரைப் பருவம் போய்விடும் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த விலை உயர்ந்த லேப்டாப்பில் கடைசியாக ஒருமுறை விசைகளைத் தட்டிப் பார்த்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். 'இந்த ஆன்ட்டி மூச்சு விடாமல் பேசுகிறார், ஆனால் ஏமாற்றுகிற குரல் இல்லை' என்று ஆங்கிலத்தில் தட்டியிருந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். நன்றி சொல்லி, மூச்சு விட்டுக்கொண்டுதான் பேசுகிறேன் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

அவள் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. லேப்டாப்பை மெதுவாக மூடினாள். முகம் மாறிப்போயிருந்தது. பிறகு என்னிடம் கேட்டாள்:

"ஆன்ட்டி, திரை வேலை செய்யாத லேப்டாப் ஏதாவது இருக்கா?"

வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் விஷயத்தைச் சொன்ன பிறகுதான் புரிந்தது. பள்ளிக் கணினியில் திரையை இருட்டாக்கி வைக்க ஒரு வசதி இருந்ததாம். அதைப் போட்டுவிட்டுத்தான் வகுப்பிலும் ரயிலிலும் தன் மனதில் இருப்பதையெல்லாம் எழுதுவாளாம். ஏதோ ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் அந்த வசதி தானாக அணைந்துபோயிருக்கிறது. திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் ஒரு வாரம் உட்கார்ந்து படித்திருக்கிறாள். ஷாமினி யாரைப் பற்றி என்ன எழுதினாள் என்பது வகுப்பு முழுக்கப் பரவிய பிறகுதான் இவளுக்கே தெரிய வந்தது. இதைச் சொல்லும்போது அழவில்லை. பேருந்து தாமதமானதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"இருட்டா இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் யாரையாவது கேக்கணும் ஆன்ட்டி. அவங்க சொல்றது பொய்யா இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? செத்த திரைன்னா அந்தப் பிரச்சினையே இல்ல."

பழுது பார்க்கும் அறையிலிருந்து சிவா எட்டிப் பார்த்தான். ஜோகூரிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி வேலைக்கு வருகிற சிவாவை உங்களுக்குத் தெரியும். அப்போது அவன் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவனிடம் அப்படி ஒன்று இருந்தது. ஒரு நிறுவனம் திருப்பிக் கொடுத்த விலை உயர்ந்த லேப்டாப், எங்கேயோ விழுந்து திரை உடைந்தது. உள்ளே எல்லாம் முதல்தரம். பாகங்களைக் கழற்றி வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தோம். திரையை மாற்றி விற்றால் அந்தத் தகப்பனுக்கும் மகளுக்கும் விலை கட்டுப்படியாகாது. திரை இல்லாமல் அதை யார் வாங்குவார்கள் என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை.

சிவா அதைத் தூசு தட்டிக் கொண்டுவந்து வைத்தான். அவள் காதொலிப்பானைச் செருகினாள். விரல்கள் ஓடின. நின்று, மறுபடியும் ஓடின. பிறகு அப்பாவின் கையைப் பிடித்து, 'பா, இது எனக்கு முன்னாடி ஓடுது' என்றாள். திரைக்கு மின்சாரம் போகாததால் மின்கலம் ஒரு முழு நாள் தாங்கும் என்று சிவா சொன்னான். என்றாவது குரல் நின்றுபோனால் எங்களிடம் கொண்டுவந்தால் போதும், வெளித்திரையில் இணைத்துப் பார்த்துக்கொள்ளலாம். விலையும் எழுநூறுக்குள் அடங்கும். ஊருக்கெல்லாம் உதவாத பொருள் அந்தப் பிள்ளைக்குக் குறையே இல்லாத பொருளாக இருந்தது. என் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை.

ஆனால் முதலாளி இருக்கிறாரே. அவருடைய வழக்கம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பழைய பொருளோ, காட்சிக்கு வைத்த பொருளோ, குறை உள்ள எதையும் விற்கும்போது அவரே வந்து ஒவ்வொரு குறையையும் விரலால் தொட்டுக் காட்டுவார். வாங்குகிறவர் வாய் திறந்து 'பார்த்துட்டேன்' என்று சொன்னால்தான் ரசீது. நாகூர்ப் பக்கமிருந்து வந்து இங்கே கடை வைத்த அவருடைய தகப்பனார் காலத்துப் பழக்கம். குறையை மறைத்து வாங்கிய காசு தன் வயிற்றில் தங்காது என்பார். மத்தியான லுஹர் தொழுகை முடித்து வந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண் தெரியாத பிள்ளைக்கு உடைந்த பொருளை விற்றான் என்று ஊர் பேசாதா, அந்தப் பிள்ளைக்கு நான் எப்படிக் குறையைக் காட்டுவேன் என்று கேட்டார்.

ஷாமினிக்கு அது கேட்டுவிட்டது. அவளுக்குக் கேட்காதபடி பேச வேண்டுமென்றால் தெருவைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

"இங்க வாங்க அங்கிள்," என்றாள். திரையின் வலது மேல்மூலையில் விரலை வைத்தாள். "விரிசல் இங்க ஆரம்பிக்குது. இவ்வளவு தூரம் நேரா வருது. இங்க ரெண்டாப் பிரியுது. ஒண்ணு கீழ போயிடுது, இன்னொண்ணு நடுவுலயே நின்னுடுது. ஓரத்துல ஒரு சின்னச் சில்லு உடைஞ்சிருக்கு. அப்புறம் அடிப்பக்கம் ஒரு திருகாணி இல்ல. நான் பார்த்துட்டேன்."

அந்தத் திருகாணி விஷயம் சிவாவுக்கே தெரியாது. தலைகீழாகப் புரட்டிப் பார்த்தான். இல்லைதான். முதலாளி சிவாவிடம் திருகாணி போடச் சொல்லிவிட்டு, ரசீதில் திரை பழுது என்று தெளிவாக எழுதச் சொன்னார். லேப்டாப்பைத் துடைத்து, சுத்தம் செய்து, வியாழக்கிழமை கொடுப்பதாகப் பேச்சு.

இங்கேயே நிறுத்திவிட்டால் எனக்கு நல்ல பெயர். என் பெரிய தப்பு இதற்கு அப்புறம்தான்.

புதன்கிழமை வேறொரு லேப்டாப்பைப் பாகங்களுக்காகப் பிரித்தபோது, அதன் திரை இதற்கு அளவாகப் பொருந்தும் என்று சிவா சொன்னான். சொன்ன அடுத்த நிமிடமே என் மனசு இளகிவிட்டது. உடைந்த கண்ணாடியோடு ஒரு பெண்பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதா? மற்றப் பிள்ளைகள் பார்த்து என்ன நினைப்பார்கள்? போட்டுவிடு, காசு வேண்டாம், என் கணக்கில் ஒரு புண்ணியம் என்றேன். அவள் சொன்னதெல்லாம் என் காதில் விழாமல் இல்லை. மென்பொருளில் இருட்டாக்கிக் கொள்ளலாமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 'அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமாக்கா?' என்று சிவா கேட்டான். பெரிய மனுஷி பேசும்போது குறுக்கே பேசாதே என்று அவனை அடக்கினேன்.

வியாழக்கிழமை அப்பா மட்டும் வந்தார். வேலைக்கு நடுவில் ஓடி வந்திருந்தார். திறந்து காட்டினேன். திரை எரிவதைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்து மகள் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, பிழை திருத்திக் கொடுத்தவர் அவர். இனிமேல் முடியாதோ என்று மனதுக்குள் வருத்தப்பட்டிருக்கிறார் போலிருக்கிறது. அவளிடம் சொன்னால் கோபப்படுவாள், சொல்ல வேண்டாமே என்றார். நானும் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினேன். விரிசல் இல்லாததைத் தொட்டுக் கண்டுபிடித்தால், கண்ணாடியை மட்டும் மாற்றினோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என ஒரு பொய்யையும் அவருக்குத் தயார் செய்து கொடுத்தேன். எவ்வளவு பெரிய தர்மவதி பாருங்கள்.

சாயங்காலம் முதலாளியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"புதுத் திரையை யாருக்குக் காட்டுன?"

"அவ அப்பாவுக்கு முதலாளி."

"பொருளு அப்பாவுதா, புள்ளையுதா?"

அவ்வளவுதான் கேட்டார். அதுவரை நான் செய்தது என்ன என்று அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பார்த்தேன். அவள் ரயிலில் உட்கார்ந்திருப்பாள். திரை செத்தது என்று நம்பி, மனதில் உள்ளதையெல்லாம் கொட்டுவாள். அவள் முதுகுக்குப் பின்னால் உள்ள ஜன்னல் கண்ணாடியில்கூடத் தெரிகிற மாதிரி அது எரிந்துகொண்டிருக்கும். பக்கத்து இருக்கைப் பெண் செய்ததாவது துடுக்குத்தனம். நான் அதையே அன்பு என்று பெயர் வைத்துச் செய்திருந்தேன்.

போனை எடுக்கக் கை வரவில்லை. கவுண்டரில் இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன. நாளைக்குச் சொல்லலாம் என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது. வகுப்பு திங்கட்கிழமைதானே, அவளே கண்டுபிடிக்கட்டுமே, மன்னிப்புக் கேட்கும் அவமானமாவது மிச்சம் என்று இன்னொரு பக்கம் இழுத்தது. உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். அப்போது மனசு சொல்கிற நியாயங்கள் எல்லாம் அழகாக இருக்கும், கவனமாக இருங்கள். காத்திருந்தவர்களிடம் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, ரசீதில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

அப்பாதான் எடுத்தார். ஷாமினியிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, வேண்டாமே சிஸ்டர், இப்போதுதான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று கெஞ்சினார். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றேன். பிறகு அவள் குரல் வந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னேன். திரையை மாற்றியது நான், உன்னைக் கேட்கவில்லை, உன்னிடம் மறைக்கவும் ஒத்துக்கொண்டேன், அது எரிகிறது, தயவுசெய்து அதில் எதையும் எழுதிவிடாதே என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி," என்றாள்.

எப்படி என்று கேட்டேன்.

"திறந்த உடனே தெரிஞ்சுடுச்சு. விரிசல் இல்ல. கையை வெச்சா லேசா சூடு. கண்ணாடி மட்டும் மாத்துனாங்கன்னு அப்பா சொன்னாரு. செத்த திரை சூடாகாதே. ஒரு எழுத்துகூடத் தட்டல ஆன்ட்டி. யாராவது சொல்வீங்களான்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

கடையில் அத்தனை பேர் நிற்கிறார்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆசைப்பட்டு வாங்கிய பொருளை மடியில் வைத்துக்கொண்டு, சுற்றி இருக்கிற பெரியவர்களில் ஒருவராவது உண்மையைச் சொல்கிறார்களா என்று அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் காத்திருந்திருக்கிறாள். கத்தவில்லை. யாரையும் குற்றம் சாட்டவில்லை. எந்தத் தைரியத்தில் அவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருந்தாள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. மன்னித்துக்கொள் அம்மா என்றேன். சனிக்கிழமை வருகிறேன், பழைய திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

நல்ல வேளையாக அது சிவாவின் குப்பைப் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

சனிக்கிழமை கடை திறந்ததுமே அப்பாவும் மகளும் வந்தார்கள். சிவா பரிந்துகொண்டு, புதுத் திரையே இருக்கட்டும், உள்ளே இருக்கிற இணைப்பை மட்டும் கழற்றிவிட்டால் இருட்டாகிவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும் என்றான். அவள் வேண்டாம் என்றாள். இணைப்பைக் கழற்றியிருக்கிறீர்களா இல்லையா என்று உங்கள் வாயால்தான் எனக்குத் தெரிய வேண்டும், விரிசல் இருந்தால் என் விரலுக்கே தெரியும் என்றாள். இந்த நியாயம் எனக்கோ சிவாவுக்கோ அவள் அப்பாவுக்கோ தோன்றியிருக்கவில்லை. சிவா வாயை மூடிக்கொண்டு திருப்புளியை எடுத்தான். உடைந்த திரையைத் திரும்பப் பொருத்தி, கண்ணாடி முனை கையைக் கீறிவிடாமல் இருக்க அதன் மேல் மெல்லிய பிசின்தாளை மட்டும் ஒட்டினான், அதையும் அவளைக் கேட்டுவிட்டு.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். நம் கடைக்கு வருகிறவருக்கு எது குறை, எது நிறை என்பதை முடிவு செய்வது நம் வேலை இல்லை. கேளுங்கள். கேட்டதைக் கொடுங்கள். கூடுதலாக ஏதாவது கொடுக்கத் தோன்றினால் அதையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பக்கத்தில் நிற்கிற அப்பாவிடம் கேட்டால் அது கேட்டதாகாது. இலவசம் என்பதால் அது உதவியாகிவிடாது. தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே போனை எடுங்கள், கவுண்டரில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் சரி.

வேலை முடிந்து லேப்டாப் அவள் கைக்கு வந்தது. விரிசலைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒருமுறை தடவிப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்துத் திரையின் மேல் வைத்து, குளிர்ச்சியாக இருக்கிறதா என்று காத்திருந்து பார்த்தாள். பிறகு காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, அங்கேயே, என் கவுண்டரின் ஓரத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். ஒரு வாரத்துக்குச் சேர்த்து வைத்திருந்ததோ என்னவோ, அப்படி ஒரு வேகம்.

அப்பா பழக்கத்தில் அவள் தோளுக்குப் பின்னால் போய்க் குனிந்தார். கறுப்புத் திரையில் அவருடைய முகம்தான் தெரிந்திருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்து, வெட்கப்பட்ட மாதிரி சிரித்துவிட்டு, குடிக்கத் தே தாரிக் வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனார். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது, கூப்பிட்டார்கள், ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். விரல்கள் பறந்தன. ஓரிடத்தில் நிறுத்தி, எழுதியதைக் கேட்டு, வாய்விட்டுச் சிரித்தாள். என்னைப் பற்றித்தான் ஏதோ எழுதுகிறாள் என்று எனக்கு ஒரு சந்தேகம். குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.